காற்றைக் காத்த அரசே, வாழி!

அரசே, சாலை போட்டதற்காக உன்னைப் பாடுகிறார்கள். பாலம் கட்டியதற்காகப் பாடுகிறார்கள். விண்கலம் ஏவியதற்காகப் பாடுகிறார்கள். உன் காவல் திறத்தை மட்டும் யாரும் வாய்விட்டுப் பாடக் காணோம். அந்தக் குறை இன்று தீரட்டும்.

350-க்கும் மேற்பட்ட செய்தித் தொலைக்காட்சிகளுக்கு நீ அனுமதி தந்திருக்கிறாய். நாளிதழ் நடத்த விரும்புகிறவர் தலைப்பைப் பதிவு செய்துவிட்டு அச்சடிக்கலாம். கைப்பேசி வைத்திருப்பவர் தெருமுனையில் நின்று நாட்டு நடப்பைப் பேசி உலகுக்கே அனுப்பலாம். இத்தனை வாய்களைத் திறந்துவிட்ட நீ, வானொலியின் வாயை மட்டும் பத்திரமாக மூடி வைத்திருக்கிறாய். தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி திரட்டிச் சொல்லக் கூடாது. ஊரார் நடத்தும் சமுதாய வானொலி செய்தியும் நடப்பு நிகழ்வும் அரசியலும் பேசக் கூடாது. செய்தி சொல்லும் உரிமை ஆகாசவாணி ஒன்றுக்கே. ஏழையும் வாங்கக்கூடிய கருவி எது, எழுத்தறியாதவருக்கும் எட்டும் கருவி எது, மின்சாரம் போன இரவிலும் இரண்டு பேட்டரியில் பேசும் கருவி எது என்று பார்த்து, அதன் வாசலில் காவல் நின்றாய். எதைக் காக்க வேண்டும் என்று அறிவதே காவலின் முதல் இலக்கணம். அதில் உன்னை விஞ்ச ஆளில்லை.

முன்னோர் சொத்தைப் பேணுவதிலும் நீ தேர்ந்தவன். 1885-இல் வெள்ளையர் இயற்றிய தந்திச் சட்டம் உன் கைக்கு வந்தது. வானொலி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட சட்டம் அது. விடுதலைக்குப் பிறகு வெள்ளையரின் சிலைகளை அகற்றினாய், தெருப் பெயர்களை மாற்றினாய். அவர்கள் காற்றுக்குப் போட்ட பூட்டை மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மாற்றவில்லை. நல்ல பூட்டின் அருமை உனக்குத் தெரியும்.

சென்னையின் பாரத்தை நீ இறக்கி வைத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் இந்நகரத்தில் ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் 1927-இல் அது மூடப்பட்டபோது, மாநகராட்சி சும்மா இருக்கவில்லை; 1930-இல் தானே ஒலிபரப்பைத் தொடங்கியது. குடிநீர் விடுவதும் விளக்கேற்றுவதும் போல, மக்களுக்கு வானொலி நடத்துவதும் நகரத்தின் வேலை என்று நினைத்த காலம் அது. 1938-இல், ஆகாசவாணி என்று நாம் அழைக்கும் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டின் எந்த மாநகராட்சியும் தன் மன்றத்தில் நடந்ததைத் தன் வானொலியில் சொல்லும் சிரமத்துக்கு ஆளாகவில்லை.

உன் பொறுமைக்கு வருவோம். வானொலியை அரசின் பிடியிலிருந்து விடுவித்துத் தன்னாட்சி கொடு என்று நீயே அமைத்த சந்தா குழு 1966-இல் சொன்னது. நீ அவசரப்படவில்லை. நெருக்கடி நிலைக்குப் பிறகு வர்கீஸ் குழு 1978-இல் அதையே இன்னும் அழுத்திச் சொன்னது. அப்போதும் நிதானம். 1990-இல் அந்தத் தன்னாட்சிக்கான பிரசார் பாரதிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிறைவேறிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர 1997 வரை காத்திருந்தாய். முதல் பரிந்துரைக்கும் செயலுக்கும் இடையே 31 ஆண்டுகள். பிறகும் பணம் உன் கையிலிருந்து மானியமாகப் போவது நிற்கவில்லை. அமைச்சகத்தின் நிழலும் விலகவில்லை. வளர்த்த பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைத்த பின்பும் அடுப்பங்கரைச் சாவியை இடுப்பில் முடிந்திருக்கும் தாயின் பாசம் உன்னுடையது.

இடையில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காற்றலைகள் பொதுச்சொத்து, ஒலிபரப்பில் அரசு தனியுரிமை கொண்டாட முடியாது, குடிமக்களுக்குப் பல தரப்புக் கருத்துகளும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நீ அதை மதித்தாய். தனியாரை உள்ளே விட்டாய். அவர்கள் பாட்டுப் போடலாம், விளம்பரம் சொல்லலாம், நேயர்களோடு நாளெல்லாம் சிரித்துப் பேசலாம் என்றாய். பொதுச்சொத்தில் பொதுவிஷயம் பேசுவதை மட்டும் விலக்கி வைத்தாய்.

அந்த விலக்கை நீ நெய்த நுணுக்கத்தைப் பாடாமல் விட்டால் இந்தப் புகழுரை முழுமை பெறாது. 2011-இல் வெளியிட்ட பண்பலைக் கொள்கையில், செய்தி எது, செய்தி ஆகாதது எது என்று பிரித்துக் காட்டினாய். ஆகாசவாணியின் செய்தியை வேண்டுமானால் ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவை செய்தி ஆகா, சொல்லலாம். மின்சாரம், குடிநீர், பேரிடர், நோய் எச்சரிக்கை ஆகியவற்றையும் உள்ளூர் நிர்வாகம் கொடுக்கிற அறிவிப்பாகச் சொல்லலாம்.

இந்த வகைப்பாட்டின் அழகைப் பாருங்கள். நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்தடை என்று வானொலி சொல்லலாம். போன மாதமும் இதே தெருவில்தான் தடை. மின்மாற்றி பழுதாகி எத்தனை நாளாயிற்று, மாற்றித் தருவதாகச் சொன்ன சட்டமன்ற உறுப்பினர் எங்கே என்று கேட்டால் அது நடப்பு நிகழ்வு ஆகிவிடும். குழாயில் தண்ணீர் வராது என்பது அறிவிப்பு. ஏன் வராது என்பது அரசியல். வெள்ளம் வருகிறது, மேட்டுக்குப் போங்கள் என்பது சேவை. ஏரியின் மதகை எப்போது திறந்தார்கள், யார் உத்தரவிட்டார்கள் என்பது விலக்கு. துன்பம் எப்போது வரும் என்பதை மக்கள் அறிய வேண்டும்; துன்பம் எதனால் வருகிறது என்பதை அறிந்து மனம் நோகக் கூடாது. குடிகளின் மனத்தை இவ்வளவு மென்மையாகக் கையாளும் அரசு வேறெங்கே?

பாம்பனுக்குப் போய் உன் காவலை நேரில் பார்க்கலாம். அங்கே 2016 முதல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காக ஒலிக்கிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், எச்சரிக்கை எல்லாம் கடலோடிகளின் மொழியிலேயே அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. உயிர் காக்கும் வேலை அது. அதைச் செய்கிறவர்களுக்குத் தலைவணங்க வேண்டும். அந்த மீனவரின் வாழ்வு அலையின் உயரத்தோடு முடிவதில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற படகு, சிறையில் இருக்கும் உறவினர், 1974-இலும் 1976-இலும் தில்லியும் கொழும்பும் போட்ட எல்லை ஒப்பந்தங்கள், இழுவைப் படகுக்காரருக்கும் நாட்டுப் படகுக்காரருக்கும் உள்ள தகராறு, மீன்பிடித் தடைக்கால உதவித்தொகை எல்லாம் சேர்ந்ததுதான் பாம்பன் கடற்கரை. இவை ஒவ்வொன்றும் செய்தி, ஒவ்வொன்றும் அரசியல். உன் 2006-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி ஒரு சமுதாய வானொலி காற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மீனவரின் வலையில் விழும் மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேச, சென்னையிலும் தில்லியிலும் இருக்கும் தொலைக்காட்சிகளை அவர் நம்பிக்கொள்ளலாம்.

வானொலிக்கு வலிமை இல்லையென்று நினைத்து நீ இதைச் செய்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அதன் வலிமை உன்னைவிட யாருக்குத் தெரியும்? 1960-களில் தஞ்சை டெல்டாவில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. உழவர்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். திருச்சி வானொலி நிலையம் சொல்லிச் சொல்லிப் பரப்பிய நெல் என்பதால் அந்தப் பெயர். வரப்பில் இருந்த உழவர் ஒரு குரலை நம்பி விதையை மாற்றினார். உன் நிலையங்களின் சாதனை அது; மனமாரச் சொல்கிறேன். சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் செய்தி கேட்டுத் தமிழின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட தலைமுறை இங்கே உண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் பேச்சைக் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிய வீடுகள் உண்டு. ஒரு குரல் இந்த அளவுக்கு நம்பப்பட்டது என்றால், அந்தக் குரல் விதையைப் பற்றி மட்டுமல்லாமல், விளைந்த நெல் கொள்முதல் நிலையத்தில் ஏன் மழையில் நனைந்து கிடக்கிறது என்றும் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும்? இதை எண்ணிப் பார்த்தவனுக்குத்தான் உன் காவலின் ஆழம் விளங்கும்.

நெருக்கடி நிலையின்போது ஆகாசவாணி காட்டிய ஒழுங்கையும் வரலாறு மறக்கவில்லை. 1975 ஜூன் 26 காலையில் நாடு நெருக்கடி நிலைக்குள் போனதை மக்களுக்கு வானொலியே சொன்னது. அதன் பிறகு யார் யார் சிறைக்குப் போனார்கள் என்பதை அது சொல்லவில்லை. அந்த நாட்களில் அதற்குப் பிரதமரின் பெயரைச் சேர்த்து மக்கள் ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். பதவியில் இருப்பவரின் பெயரையே சூடும் பேறு எத்தனை பொது நிறுவனங்களுக்குக் கிட்டும்?

இங்கே உன் நடுநிலையைச் சொல்ல வேண்டும். காங்கிரஸ், ஜனதா, தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி, பாஜக என்று நாற்காலியில் யார் அமர்ந்தாலும் வானொலிச் செய்தியின் சாவி கைமாறியதே தவிர, பூட்டுத் திறக்கவில்லை. மாநில உரிமை பேசும் நம் திராவிடக் கட்சிகளும் தில்லிக் கூட்டணிகளில் பங்கு பெற்றன. சமுதாய வானொலிக்கு அரசியல் விலக்கு எழுதப்பட்ட 2006-இலும், பண்பலைக் கொள்கை வந்த 2011-இலும் திமுக மத்திய அமைச்சரவையில் இருந்தது. தமிழ்நாட்டில் கட்சிச் சார்புள்ள தொலைக்காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஊராட்சிக்கு ஒரு வானொலிக் குரல் வேண்டும் என்று மேடையில் முழங்கிய கட்சியைத்தான் காணவில்லை. இந்தியாவில் எல்லாக் கட்சிகளும் ஒன்றுபட்டு நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. அந்த அரிய ஒற்றுமையை நீ இங்கே சாதித்திருக்கிறாய்.

தரத்தைக் காப்பதிலும் நீ ஆளைப் பார்ப்பதில்லை. 2017 விடுதலை நாளுக்காகத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் பேசிய உரையை உன் ஒலிபரப்பாளர்கள் அகர்தலாவில் பதிவு செய்தார்கள். உரையை மாற்றி அமைத்தால்தான் ஒலிபரப்ப முடியும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் மறுத்தார், உரை வரவில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்த முதல்வரும் தன் மாநில மக்களோடு தன் சொற்களில் பேச உன் அனுமதி வேண்டும் என்ற ஒழுங்கு அன்று நிலைநாட்டப்பட்டது. பிரதமரோ 2014 அக்டோபர் முதல் மாதந்தோறும் மனதின் குரல் நிகழ்ச்சியில் வானொலியில் பேசுகிறார். தமிழிலும் அது ஒலிக்கிறது. ஒரு பிரதமர் வானொலியை இவ்வளவு மதிப்பது மகிழ்ச்சிக்குரியது. அந்தப் பேச்சுக்கு ஒரு கடைக்கோடி ஊரின் மறுமொழி அதே அலைவரிசையில் வரும் நாளுக்காகக் காத்திருப்பதும் ஒரு மகிழ்ச்சிதான் என்று நீ நினைத்திருக்கலாம்.

ஏன் இந்தக் காவல் என்று கேட்டு ஒரு பொதுநல அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றம் போனது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் சொல்லும்போது வானொலி ஏன் சொல்லக் கூடாது என்று 2017-இல் நீதிபதிகளும் கேட்டார்கள். வானொலியில் பேசப்படுவதையெல்லாம் கண்காணிக்க ஏற்பாடு இல்லை, தீய சக்திகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடும் என்பது உன் பதில். உன் எச்சரிக்கை உணர்வு போற்றத்தக்கது. ஒரு சமுதாய வானொலியின் ஆற்றல் 100 வாட். அதன் கம்பத்தின் உயரம் 30 மீட்டர். அதன் குரல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போவதே பெரிது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளையெல்லாம் மூன்று மாதம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பது உன் விதி. தனிமனிதருக்கும் கட்சிக்கும் கட்சிச் சார்பு அமைப்புக்கும் உரிமம் கிடையாது. கல்வி நிறுவனமும் வேளாண் அறிவியல் மையமும் தொண்டு நிறுவனமும், பல அமைச்சகங்களின் வாசலைக் கடந்து உன் இசைவு பெற்ற பிறகே ஒலிபரப்பத் தொடங்குகின்றன. இத்தனை அரண்களுக்கு உள்ளே உட்கார்ந்து, கண்மாய் தூர்வாரியதற்கு எழுதிய கணக்கைப் படிக்கக்கூடிய ஒரு பெண்ணின் குரலைக் கண்டு, அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு பேரரசு அஞ்சுகிறது. சிறியவரை மதிக்கத் தெரிந்த அரசு நீ.

பூட்டிய இடத்தில் என்ன நடக்கும் என்பதை நீ முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாய். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை ஆகாசவாணியிலிருந்து விலக்கினார். மக்களின் ரசனையைக் காப்பது நோக்கம். மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். தமிழ்நாட்டின் வீடுகளில் கொழும்பின் குரல் குடிபுகுந்தது அப்படித்தான். 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி நீ அவர்களை அழைத்து வர வேண்டியிருந்தது. பாட்டில் அந்தத் தவறைத் திருத்த உனக்கு ஐந்து ஆண்டுகள் போதுமாக இருந்தன. செய்தியில் மக்கள் இன்று போயிருக்கும் இடம் கொழும்பு இல்லை. கைப்பேசிக்கு வரும் வதந்தி. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் திரிகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவியதை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தை ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். அந்தக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். ஊருக்குப் பழக்கமான ஒரு குரல், காவல் நிலையத்திலும் பள்ளியிலும் விசாரித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று அன்று காலையும் மாலையும் சொல்லியிருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் குரல் பழக்கமாவதற்கே இடமில்லாமல் விதி எழுதியிருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஒரு வானொலியின் மீது நம்பிக்கை ஒரே நாளில் வராது. அன்றாடம் ஊர்ச்செய்தியைச் சரியாகச் சொல்லிச் சொல்லியே அது வளரும்.

அண்டை வீட்டாரும் உன்னைக் கண்டு திருந்தவில்லை. நேபாளத்தில் 1997-இல் ரேடியோ சகர்மாதா தொடங்கியது. தெற்காசியாவின் முதல் சமுதாய வானொலி என்று அதைச் சொல்வார்கள். அந்நாட்டில் மலைக்கு மலை எழுந்த சமுதாய வானொலிகள் செய்தி சொல்கின்றன. மன்னராட்சியை எதிர்த்து மக்கள் எழுந்தபோதும் சொல்ல முயன்றன. இலங்கையில் தனியார் தமிழ் வானொலிகள் செய்தி வாசிக்கின்றன. நம்மைவிடச் சிறிய நாடுகள், நம்மைவிட மோசமான போர்களைப் பார்த்த நாடுகள் துணிந்த காரியத்தில் நீ மட்டும் நிதானம் இழக்கவில்லை.

2023 செப்டம்பரில் உன்னுடைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே, தனியார் பண்பலைகள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. மணிக்குப் பத்து நிமிடம். அதையும் நீ எவ்வளவு பொறுமையோடு பரிசீலிப்பாய் என்பது, சந்தா குழுவின் காலத்திலிருந்து உன்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

புகழ்ந்து பாடியவன் பரிசில் கேட்பது மரபு. பொன்னும் பொருளும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடு. பண்பலை முதலாளிகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடாதே. பாம்பனுக்கும் தர்மபுரிக்கும் நீலகிரி மலைக்கும், எங்கெல்லாம் ஊரார் ஒரு சிறு கம்பத்தை நட்டு ஒலிபரப்புகிறார்களோ அங்கெல்லாம் கொடு. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. குடியரசு நாளிலும் தொழிலாளர் நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் அங்கே கிராம சபை கூடுகிறது. எந்தத் தீர்மானம் போட்டார்கள், எந்தக் கேள்விக்குத் தலைவர் பதில் சொல்லவில்லை, ஊரக வேலைத் திட்டக் கூலி எத்தனை வாரம் பாக்கி என்பவை எந்தத் தொலைக்காட்சிக்கும் செய்தியாகத் தெரிவதில்லை. அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. பொய் சொன்னால் தண்டிக்க உன்னிடம் சட்டம் இருக்கிறது. வெறுப்பைப் பரப்பினால் உரிமத்தைப் பறிக்க அதிகாரம் இருக்கிறது. மூன்று மாத ஒலிப்பதிவு அலமாரியில் சான்றாக இருக்கிறது.

ஆகாசவாணிக்கும் அதே பரிசிலைக் கேட்கிறேன். குடிமக்களுக்கு உண்மையைத் தடையின்றி, நடுநிலையோடு, மாற்றுக் கருத்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறாய். புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. தேர்தல் காலத்தில் கட்சிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்து எதிர்க்கட்சியின் குரலையும் ஒலிபரப்ப உன் நிலையங்களுக்குத் தெரியும். 1977 முதல் அப்படிச் செய்து வருகின்றன. தேர்தல் முடிந்த மறுநாளும் அதைச் செய்யட்டும். திருச்சியிலும் நெல்லையிலும் கோவையிலும் உள்ள செய்தியாளரும் நிகழ்ச்சி அமைப்பாளரும் மேலிடத்தின் முகம் பார்க்காமல் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகட்டும். நெல்லுக்குப் பெயர் கொடுத்த நிலையங்களுக்கு அந்தத் திறமை இன்னும் போய்விடவில்லை.

காத்தது போதும், அரசே. பூட்டைத் திற. கேட்பதற்கு ஊர் இருக்கிறது. சொல்வதற்கு ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள்.